ஒரே முகவரியில் இருவர்

ஒரு வீட்டில் இரண்டு மடிக்கணினிகள் ஒரே வைஃபையில் இணைந்து வேலை செய்வது இன்று நமக்குச் சாதாரண விஷயம். அது சாதாரணமாவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளில் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விகள் முக்கியமாக மூன்று. யார் எந்த முகவரியில் இருப்பது? இருவர் ஒரே நேரத்தில் பேசினால் என்ன செய்வது? பொதுவில் இருக்கும் காற்றை எப்படிப் பங்கு போடுவது? படித்ததும் தோழிகளுக்குச் சிரிப்பு வரலாம். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த எந்தப் பெண்ணும் இந்த மூன்றையும் கணினி வருவதற்கு முன்பே கேட்டிருப்பாள்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது கோவையில் பல வீடுகளுக்குள் இந்தக் கேள்விகள் நேராகவே நுழைந்தன. சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் இருந்த மென்பொருள் அலுவலகங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்தன. கல்லூரி வகுப்பறைகள் சாப்பாட்டு மேசைக்கு வந்தன. இணைப்பு ஒன்று, மடிக்கணினி இரண்டு. "அவரு மீட்டிங்குல உக்காந்துட்டா எனக்கு நெட்டே வர்றதில்லீங்க" என்று என்னோடு வேலை செய்யும் ஆசிரியைகள் சொன்னார்கள். அதை யாரும் ஒரு கோளாறாகச் சொல்லவில்லை, தலைவிதி போலச் சொன்னார்கள். நான் வரலாறு கற்பிப்பவள். ஒன்றை விதி என்று யாராவது சொன்னால், அதற்கு ஒரு தேதி இருக்கும், அதை எழுதிய கை ஒன்று இருக்கும் என்று தேடிப் போவது எங்கள் தொழில். அப்படித் தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

முகவரி கொடுத்த பெண்கள்

வலையமைப்பில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் வேண்டும். அந்த எண் வேறு எந்தக் கருவிக்கும் இருக்கக் கூடாது. இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? முதலில் கண்ணில் பட்ட வீட்டில் போட்டுவிட்டுப் போவார். கணினியிலும் அதுதான் நடக்கும். உங்களுக்கு வர வேண்டியது பக்கத்து அறைக்குப் போகும். கொஞ்ச நேரம் இங்கே, கொஞ்ச நேரம் அங்கே என்று இணைப்பு அல்லாடும். கடைசியில் ஒரு கருவி வெளியே தள்ளப்படும்.

இன்றைய இணையத்தின் தாய்வீடு என்று சொல்லத்தக்க அர்ப்பாநெட், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் 1969இல் தொடங்கியது. அதில் எந்தக் கணினி எந்தப் பெயரில், எந்த எண்ணில் இருக்கிறது என்ற பதிவேட்டை வைத்திருந்தது கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இயங்கிய ஒரு தகவல் மையம். அதை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர். எல்லாரும் அவரை 'ஜேக்' என்று அழைப்பார்கள். வேதியியல் படித்துவிட்டுத் தகவல் சேகரிப்புத் துறைக்கு வந்தவர். 1972இல் அந்த வேலையில் சேர்ந்து 1989 வரை இருந்தார். புதிதாக ஒரு கணினியை வலையில் சேர்க்க வேண்டுமானால், எவ்வளவு பெரிய பல்கலைக்கழகமானாலும், அலுவலக நேரத்தில் அந்த மையத்தைத் தொடர்புகொண்டு பெயரைப் பதிய வேண்டும். அந்தப் பெயர் ஏற்கெனவே யாரிடமாவது இருந்தால் கிடைக்காது. அந்த ஒற்றைப் பட்டியலைத்தான் மற்ற எல்லாக் கணினிகளும் நகலெடுத்து வைத்துக்கொண்டன. பின்னால் வந்த டாட் காம், டாட் ஆர்க் போன்ற பெயர்ப் பிரிவுகளை நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் அவருடைய குழுதான்.

எண்களின் பக்கம் இன்னொரு பெண் இருந்தார். எந்த எண் எதற்கு ஒதுக்கப்பட்டது என்ற அதிகாரப்பூர்வ ஆவணங்களில் ஜான் போஸ்டல் என்ற பெயரோடு 1980களில் தொடர்ந்து இடம்பெற்ற பெயர் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ். போஸ்டலை 'இணையத்தின் கடவுள்' என்றுகூட எழுதியிருக்கிறார்கள். ரெனால்ட்ஸ் பெயரை எத்தனை மாணவிகள் கேட்டிருப்பீர்கள்?

கேட்டிருக்க மாட்டோம். ஏனென்றால் பதிவேடு வைப்பதை யாரும் கண்டுபிடிப்பு என்று எண்ணுவதில்லை. அது எழுத்தர் வேலை, நூலகர் வேலை. வீட்டில் மளிகைக் கணக்கு வைப்பது மாதிரி, யார் எப்போது சாப்பிட்டார்கள், யாருக்கு எந்த மருந்து என்று நினைவில் வைத்திருப்பது மாதிரி. நடக்கும்வரை யாருக்கும் தெரியாது; நின்றால்தான் தெரியும். ஃபைன்லர் 2012இல் இணையத்தின் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். பதிவேட்டை ஒப்படைத்து 23 ஆண்டுகள் ஆன பிறகு.

கணினிகள் பெருகப் பெருக ஆள் வைத்து முகவரி கொடுக்க முடியாமல் போனது. 1993இல், வந்து கேட்கும் கருவிக்குத் தானாகவே முகவரி வழங்கும் நெறிமுறை ஒன்று வகுக்கப்பட்டது. டிஎச்சிபி என்பார்கள். அதில் முகவரி யாருக்கும் சொந்தமாகக் கொடுக்கப்படுவதில்லை, குத்தகைக்குத்தான். சில மணி நேரமோ ஒரு நாளோ வைத்துக்கொள்ளலாம், பிறகு புதுப்பிக்க வேண்டும். 1996இல் இன்னொரு விதி வந்தது. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் செல்லுபடியாகும் சில எண்கள் தனியாக ஒதுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்கும் எண்கள் அந்த வகை. உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், எதிர் வீட்டிலும் இருக்கலாம். குழப்பம் இல்லை. எல்லா ஊரிலும் ஒரு மாரியம்மன் கோயில் வீதி இருப்பது மாதிரி.

ஆக, நம் வீட்டுச் சுவரில் பச்சை விளக்கு மின்ன உட்கார்ந்திருக்கும் ரூட்டர் என்கிற அந்தச் சின்னப் பெட்டி, ஃபைன்லரின் அலுவலகம் பார்த்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

மோதல் எங்கிருந்து வருகிறது

பெட்டி ஒழுங்காகப் பதிவேடு வைத்திருந்தால் இரண்டு மடிக்கணினிகளுக்கு ஒரே முகவரி எப்படிப் போகும்? வழக்கமான காரணங்கள் மூன்று.

ஒன்று, ஒரு மடிக்கணினியில் யாரோ முகவரியைக் கையால் நிரந்தரமாக எழுதி வைத்திருப்பார்கள். அது ரூட்டரிடம் கேட்காது. ரூட்டருக்கு அது தெரியாது. காலியாக இருக்கிறது என்று நினைத்து அதே எண்ணை அடுத்த கருவிக்குக் கொடுத்துவிடும். இரண்டு, மாடிக்கு சிக்னல் வரவில்லை என்று இன்னொரு ரூட்டரை வாங்கி மாட்டியிருப்பார்கள். இரண்டும் தானே நாட்டாமை என்று முகவரி கொடுக்கத் தொடங்கும். மூன்று, மின்வெட்டுக்குப் பிறகு ரூட்டர் பழைய பட்டியலை மறந்துவிட்டுத் தொடங்கும். தூங்கி எழுந்த மடிக்கணினி பழைய முகவரியையே பிடித்துக்கொண்டு வரும்.

எங்கள் வீட்டில் நடந்தது முதல் வகை. கணவரின் அலுவலக மடிக்கணினியில் அவருடைய நிறுவனத்துக் கணினிப் பிரிவு எப்போதோ ஒரு எண்ணை நிரந்தரமாகப் போட்டுக் கொடுத்திருந்தது. அலுவலகத்தில் அது சரி. வீட்டுக்கு வந்ததும் அந்த எண் என் மடிக்கணினிக்கு ரூட்டர் கொடுத்திருந்த எண்ணோடு மோதியது. காலை பத்து மணிக்கு அவருக்குக் கூட்டம், எனக்கு இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்கு வகுப்பு. இணைப்பு வந்து வந்து போனது. ஐபி முகவரி மோதல் என்று திரையின் ஓரத்தில் ஒரு அறிவிப்பு எட்டிப் பார்த்தது.

இணைப்பு கொடுத்த நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் வாசலிலேயே நின்று கேட்டார், "சார் இல்லீங்களா?" இருக்கிறார், கூட்டத்தில் இருக்கிறார், என்னிடம் சொல்லுங்கள் என்றேன். "இல்லீங்க்கா, பாஸ்வேர்டு சாருக்குத்தானே தெரியும்" என்றார். இணைப்பு என் பெயரில், மாதக் கட்டணம் என் கணக்கிலிருந்து. ஆனாலும் பெட்டியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்பதில் அந்தத் தம்பிக்குச் சந்தேகமே வரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எல்லா வீட்டிலும் அவர் பார்ப்பது அதுதான்.

சரிசெய்வது பத்து நிமிட வேலை. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் எந்தெந்தக் கருவி எந்தெந்த எண்ணில் இருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். இரண்டு மடிக்கணினியிலும் வைஃபை அமைப்பில் முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றி, அணைத்துப் போட்டால் இரண்டும் புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒரு கருவிக்கு நிலையான எண் வேண்டியே ஆக வேண்டும் என்றால், அதை ரூட்டரிலேயே அந்தக் கருவியின் பெயரில் ஒதுக்கி வைக்கலாம். அப்போது பதிவேட்டில் இருக்கும், மோதாது. இரண்டாவது ரூட்டர் இருந்தால் அதன் முகவரி கொடுக்கும் வேலையை நிறுத்திவிட்டு, சிக்னலை மட்டும் கடத்தச் சொல்ல வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த நியாயம் ஒன்று உண்டு. கேட்காமல் முகவரியை எடுத்துக்கொண்ட கருவிதான் மோதலுக்குக் காரணம். ஆனால் தடுமாறி வெளியே விழுவது பெரும்பாலும் கேட்டு வாங்கிய கருவி. முகவரி என்ற சொல்லே பெண்களுக்குப் புதிதல்லவே. கல்யாணம் வரைக்கும் அப்பாவின் முகவரி, பிறகு கணவரின் முகவரி. ரேஷன் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் நாம் மாறி மாறி இன்னார் மகள், இன்னார் மனைவி. ஒரே முகவரியில் இருவர் இருந்தால் யாருடைய தபால் யாருக்குப் போகும் என்று நமக்குத் தெரியும்.

ஆசாரத்தில் இருப்பவரும் அடுக்களையில் இருப்பவரும்

முகவரி சரியான பிறகும் எங்கள் வீட்டுத் தகராறு முழுசாக ஓயவில்லை. இரண்டு கணினியும் இணைப்பில் இருந்தன. ஆனால் இரண்டும் இழுத்தன. இது இரண்டாவது கேள்வியைச் சேர்ந்தது: இருவர் ஒரே நேரத்தில் பேசினால்?

இதற்கான முதல் விடை ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. தீவுகளுக்கு இடையே கம்பி போடுவது கடினம் என்பதால், நார்மன் ஏப்ராம்சன் தலைமையில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் வானொலி அலையில் கணினிகளை இணைத்தார்கள். 1971இல் அது இயங்கத் தொடங்கியது. பெயர் அலோஹாநெட். அதில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். இருவர் பேச்சு மோதினால் இரண்டும் கெட்டுவிடும்; இருவரும் ஆளுக்கொரு கணக்கில் கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி பேச வேண்டும். இந்த முறையில் அலையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும் என்று கணக்கு போட்டுக் கண்டார்கள். மீதி மோதலிலும் காத்திருப்பிலும் வீண்.

அடுத்து வந்தவர்கள் ஒரு விதியைச் சேர்த்தார்கள். பேசுவதற்கு முன் கேள். வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் பொறு. அவர் முடித்த பிறகும் உடனே பாயாதே, கொஞ்சம் காத்திரு. 1997இல் வைஃபைக்கான முதல் தரநிலை வெளிவந்தபோது அதன் உயிர்நாடி இந்த விதிதான். இன்றைக்கும் நம் வீட்டு மடிக்கணினிகள் ஒரு நொடிக்குள் பலமுறை இப்படிக் காது கொடுத்துக் கேட்டு, காத்திருந்து, முறை வந்ததும் பேசுகின்றன. இதில் சாருடைய கணினி, மேடத்துடைய கணினி என்ற பேதம் இல்லை. அடிப்படை விதி எல்லாக் கருவிக்கும் ஒரே மாதிரி வாய்ப்பு தருகிறது.

அப்படியானால் ஏன் ஒருவர் பேச்சு மட்டும் கரகரக்கிறது? இடம்.

கொங்கு வீடுகளின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஆசாரம், பின்னால் அடுக்களை. இணைப்புக் கம்பி வாசல் வழியாக வருகிறது. ரூட்டர் ஆசாரத்துச் சுவரில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது. வீட்டிலிருந்து வேலை என்றதும் ஆண் ஆசாரத்திலோ முன்னறையிலோ மேசை போட்டுக்கொள்கிறார். பெண் அடுப்பில் ஒரு கண் இருக்க வேண்டும் என்பதால் பின்னால் இருக்கிறார். நடுவில் இரண்டு கனத்த சுவர், ஒரு இரும்பு பீரோ. சிக்னல் அங்கே போய்ச் சேரும்போது மெலிந்துவிடும். மெலிந்த சிக்னலில் கணினி வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாகப் பேசும். அதோடு, இரண்டு கணினிக்கும் ரூட்டர் கேட்கும், ஆனால் ஒன்றுக்கு மற்றது கேட்காது என்ற நிலையும் வரலாம். அப்போது காத்திருக்கும் விதி வேலை செய்யாமல் இரண்டும் மோதும்.

இங்கேதான் ஒரு சுவாரசியமான விஷயம். வைஃபை விதி ஒவ்வொருவருக்கும் சம எண்ணிக்கையில் முறை தருகிறது. சம நேரம் தருவதாக அது சொல்லவில்லை. தூரத்தில் இருந்து மெதுவாகப் பேசும் கணினி தன் முறையில் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் ரூட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேகமான கணினியும் தாமதமாகும். "உன் லேப்டாப் போட்டாத்தான் எனக்கு ஸ்லோ ஆகுது" என்று எத்தனையோ வீடுகளில் சொன்னார்கள். சொன்னது பொய் இல்லை. ஆனால் அவளை அந்தப் பின்னறையில் உட்கார வைத்தது கணினி இல்லையே.

2019இல் இந்தியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு எண்ணைத் தருகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஆண்களில் நாலில் ஒருவர்தான் அந்த வேலைகளில் கையே வைக்கிறார். அந்த 299 நிமிடத்தின் வரைபடம்தான் வைஃபை சிக்னலின் வரைபடம் என்று எனக்குத் தோன்றியது.

நாங்கள் ரூட்டரை ஆசாரத்திலிருந்து கழற்றி வீட்டின் நடுவில், கதவு நிலைக்கு மேலே உயரத்தில் மாட்டினோம். அதிலேயே இரண்டு அலைவரிசை இருந்தது. தூரம் போகும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு கணினி, வேகம் அதிகம் ஆனால் சுவரைத் தாண்டத் திணறும் 5 கிகாஹெர்ட்ஸில் இன்னொன்று. இரண்டும் தனித்தனி வழியில் போனதால் ஒன்றையொன்று காத்திருக்க வைக்கவில்லை. யார் கதவை மூடிக்கொண்டு உட்காரலாம், யார் அடுப்பைப் பார்ப்பது என்பதற்கும் ஒரு முறை போட வேண்டியிருந்தது. அது கொஞ்சம் அதிக நாள் பிடித்தது.

காற்றிலும் நிலத்திலும் 2005

மூன்றாவது கேள்வி, பொதுவில் இருப்பதைப் பங்கு போடுவது. இந்தியாவில் காற்று அரசாங்கத்தின் சொத்தாக இருந்தது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அலை வாங்கும் கருவியை வைத்திருப்பதே குற்றம். 1980கள் வரை வீட்டு ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டினார்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தச் சின்னப் புத்தகம் இன்னும் கிடக்கலாம். அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 2005 ஜனவரியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைக் குறைந்த சக்தியில் யார் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு விதி வெளியிட்டது. நம் வீடுகளில் வைஃபை பரவியதற்குச் சட்டத்தின் வாசல் அதுதான்.

பொதுவில் திறந்துவிட்டால் நெரிசல் வரும். அடுக்குமாடியில் பத்து வீட்டு ரூட்டர்கள் ஒரே பட்டையில் கத்தும். அந்தப் பட்டையில் 13 சேனல்கள் இருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று படியாமல் வைக்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலையில் இயங்குவதால் அது ஓடும்போது பக்கத்தில் இருக்கும் கணினி தடுமாறும். கிரைண்டர்மேல் பழி போட வேண்டாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நெரிசலில் ஒரே இடத்தில் நிற்காமல் அலைவரிசை மாறி மாறித் தாவுவது ஒரு தீர்வு. அதற்கு 1942 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இருவரில் ஒருவர் ஹெடி லமார் என்ற நடிகை. மற்றவர் ஜார்ஜ் ஆன்தீல் என்ற இசையமைப்பாளர். நீரில் பாயும் டார்ப்பிடோவை எதிரி திசைதிருப்ப முடியாமல் வழிநடத்துவதற்காக அதை எழுதினார்கள். 'வைஃபையின் தாய்' என்று அவரைப் பற்றிப் பரவும் செய்திகள் மிகை. தாவும் முறை 1997 தரநிலையில் ஒரு வகையாக இருந்தது. வீடுகளில் பரவிய வைஃபை வேறு முறையில் போனது. புளூடூத் இன்றும் தாவுகிறது. மிகை இல்லாமலே அவர் சாதனை பெரியதுதான். 'உலகின் மிக அழகான பெண்' என்று விற்கப்பட்ட ஒருவர் வரைந்த வரைபடத்தை அமெரிக்கக் கடற்படை அந்தப் போரில் பயன்படுத்தவில்லை.

கொங்கு நாட்டுப் பெண்களுக்குப் பொதுவில் இருப்பதைப் பங்கு போடுவது என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிணறுதான். பாறையைக் குடைந்து தோண்டிய ஆழக் கிணறுகள். பங்காளிகளுக்குப் பிரியும்போது காட்டைத் துண்டு போடலாம், கிணற்றைப் போட முடியாது. எனவே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் முறை எழுதுவார்கள். மூத்தவருக்கு இத்தனை நாள், இளையவருக்கு இத்தனை நாள். கவலை பூட்டி எருது கட்டி இறைத்த காலத்திலும் அதுதான். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து மோட்டார் மாட்டிய பிறகும் அதுதான். முறை தப்பி இரண்டு மோட்டார் ஒன்றாக ஓடினால் தண்ணீர் மட்டம் இறங்கி இரண்டும் காற்றை இழுக்கும். அலோஹாநெட்டில் கண்ட மோதலை எங்கள் ஊர்க்காரர்கள் முன்பே பார்த்துவிட்டார்கள் என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள்.

என் அப்புச்சி தோட்டத்துக் கிணற்றிலும் அப்படி முறை எழுதிய பத்திரம் இருந்தது. நான்கு பெயர். அம்மாவின் பெயர் இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதை முன்னெடுத்த பெரியார் எங்கள் ஈரோட்டுக்காரர். அது தமிழ்நாட்டில் சட்டமாக 60 ஆண்டுகள் ஆனது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், மகள்களுக்கும் பிறப்பிலேயே கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களுக்கு இல்லை. அம்மாவுக்கு அதற்கு முன்பே திருமணம் ஆகிவிட்டது. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பிரிவினைகளை அது தொடவில்லை. எங்கள் மாமன்மார் பிரித்துக்கொண்டது அதற்கும் முன்னால். சட்டம் திறந்த இரண்டு வாசலிலும் அம்மாவால் நுழைய முடியவில்லை.

ஆக, ஒரே ஆண்டில், ஜனவரியில் காற்றும் செப்டம்பரில் நிலமும் சட்டப்படி பெண்ணுக்குத் திறந்தன. ஹெடி லமாரின் காப்புரிமை நாளான அதே ஆகஸ்ட் 11 அன்று, 2020இல், தந்தை 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பிறப்பால் வந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தீர்ப்பளித்தது. அது தற்செயல்தான். ஆனால் அந்த வாரம் கணினி வழி வகுப்பில் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வாய்ப்பை நான் விடவில்லை.

சட்டம் திறப்பது ஒன்று, கை நீட்டி எடுப்பது வேறு. இன்றும் எத்தனையோ சகோதரிகள் பத்திர ஆபீசில் உட்கார்ந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பொறந்த வீட்டுச் சேலையோடு திரும்புகிறார்கள். மோட்டார் ரூமின் சாவி யார் இடுப்பில் இருந்ததோ அவர்தான் கிணற்றின் முதலாளி என்பதை அம்மிச்சி அடிக்கடி சொல்வார். ரூட்டரின் கடவுச்சொல் அந்தச் சாவியின் பேரப்பிள்ளை.

யாருக்கு இரண்டு, யாருக்கு ஒன்றுமில்லை

இரண்டு மடிக்கணினி இருக்கும் வீட்டின் தகராறு வசதியான தகராறு என்பது எனக்குத் தெரியும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1. தமிழ்நாடு தேசிய சராசரியைவிட மேலே இருந்தாலும் பெண்களில் பாதிப் பேரைக்கூட அது எட்டவில்லை. கொங்கு வட்டாரத்து நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள் கைபேசி வைத்துக்கொள்ளவே கட்டுப்பாடு இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அதனால்தான் எனக்கு முக்கியமான வரலாற்று நிகழ்வாகப் படுகிறது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்த மாணவிகளுக்கு அவர்கள் பெயரிலேயே ஒரு கருவி கிடைத்தது. என் மாணவிகளில் பலருக்கு வீட்டில் அவர்கள் பெயரில் இருந்த ஒரே சொத்து அது. ஊரடங்கில் அந்தப் பழைய கணினியைத் தூசி தட்டி எடுத்தபோது, அதில் தம்பிக்கு முதல் உரிமை என்று முடிவான வீடுகளும் இருந்தன. கருவி அவள் பெயரில், நேரம் அவன் பெயரில்.

மாணவிகளே, உங்கள் வீட்டில் இணைப்பு இருந்தால் அதன் அமைப்புப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அந்த முகவரியும் தொடக்கக் கடவுச்சொல்லும் இருக்கும். கடவுச்சொல்லை மாற்றுங்கள், மாற்றியதை அம்மாவின் மளிகை நோட்டில் எழுதி வையுங்கள். எந்தக் கருவி எந்த எண்ணில் இருக்கிறது என்ற பட்டியலைப் படியுங்கள். அதைப் படிக்கத் தெரிந்தால் வாசலில் நின்று சாரைத் தேடுபவருக்கு நீங்களே பதில் சொல்லலாம். பெட்டி எந்தச் சுவரில் இருக்க வேண்டும் என்று கேள்வி எழுப்புங்கள். அதைவிட, யார் மேசை எந்த அறையில் இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

வைஃபை இயங்குவதற்கு வேண்டியது ரொம்பச் சின்ன ஒழுக்கம். பேசுவதற்கு முன் கேட்பது, அடுத்தவர் முடிக்கும்வரை பொறுப்பது, முகவரியைக் கேட்டு வாங்குவது, எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பது. இந்த நான்கையும் நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்து வருபவர்கள் பெண்கள். வலையமைப்பு அதை எல்லாக் கருவியிடமும் கேட்கிறது. ஒன்று மட்டும் காத்திருந்து மற்றது கேட்காமல் பேசிக்கொண்டே இருந்தால் அந்த வலையைப் பொறியாளர் பழுது என்றுதான் குறிப்பார்.